தொட்டிலும் வருகைப் பதிவேடும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விழாக் குழுச் செயலாளர் போன் பண்ணி, "அக்கா, அரசு ஊழியரும் குடும்பமும் என்ற தலைப்பில் ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். குடும்பத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறதோ தெரியாது. விடுப்பைப் பற்றிப் பேசலாம். முப்பத்தாறு வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்தேன், 1982-லிருந்து 2018 வரை. அதில் இருபது வருஷத்துக்கு மேல் பணியமைப்புப் பிரிவு. அதாவது அடுத்தவர் விடுப்பை எண்ணுகிற வேலை. எதிரே ஒருத்தர் வந்தால் மற்றவர்களுக்கு அவர் பெயர் ஞாபகம் வரும். எனக்கு அவர் கணக்கில் எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது என்பதுதான் முதலில் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே கேலி பண்ணுவார்.

இங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் தேர்வாணையத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று முதல்வர் சொன்னார். அதனால் சங்கதிகளைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். என் வயதுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிரசவத்துக்கு மூன்று மாதம். தொண்ணூறு நாள், அவ்வளவுதான். குழந்தை கழுத்து நின்று குப்புற விழுகிற நேரத்தில் அம்மா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தாய்ப்பால் ஆறு மாதம் கொடுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் அரசே எழுதி வைத்திருக்கும். அந்தச் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற அம்மாவுக்கு மூன்று மாதம்தான் விடுப்பு. 2011-ல் அது ஆறு மாதமாயிற்று. 2016-ல் ஒன்பது மாதம். 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம், முழுச் சம்பளத்தோடு. பத்தே ஆண்டில் தொண்ணூறு நாள் முந்நூற்று அறுபத்தைந்தாகியிருக்கிறது. இரண்டு கட்சி ஆட்சியிலும் கூடிக்கொண்டே வந்த விஷயம் இது. அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மத்திய அரசில் கதை வேறு மாதிரி போயிற்று. அங்கும் தொண்ணூறு நாள்தான் இருந்தது. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 1997-ல், 135 நாள். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2008-ல் 180 நாள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அதே 2008 செப்டம்பரில் இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று பெயர். பெண் ஊழியருக்கு, தன் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள். மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு 18 வயது ஆகிற வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், பரீட்சை, ஆஸ்பத்திரி, எதுவானாலும் சரி. இது மற்ற விடுப்புக் கணக்கில் கழியாது, தனிக் கணக்கு.

தனியார் ஆலை, கடை, தோட்டம் இவற்றுக்கெல்லாம் 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம் இருந்தது. பன்னிரண்டு வாரம். 2017-ல் அதை முதல் இரண்டு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரமாக்கினார்கள். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, 2025 நவம்பரிலிருந்து. பன்னிரண்டு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே போட்ட உடன்படிக்கை அது. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம். நம் நாட்டில் 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் டாக்டர் அம்பேத்கர் ஒருவர். அடுத்த வருஷம் அது சட்டமாயிற்று. வரலாறு படிக்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சரி, எண்கள் போதும். இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பிரிவுக்கு வருகிற விடுப்பு விண்ணப்பங்களில் ஒரு வினோதம் உண்டு. அக்டோபர், நவம்பர் வந்தால் அம்மாக்களுக்கு முதுகு வலி வரும். மார்ச் மாதம் வந்தால் நரம்புத் தளர்ச்சி வரும். எல்லாவற்றுக்கும் டாக்டர் சான்று இருக்கும். படுக்கை ஓய்வு பதினைந்து நாள் என்று எழுதியிருக்கும். முதலில் எனக்கும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது: மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று உண்மையை எழுதினால் அதற்கென்று ஒரு விடுப்பு எங்கள் புத்தகத்தில் இல்லை. தற்செயல் விடுப்பு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள். அது பொங்கலுக்கும் மாமியார் திதிக்கும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்குமே பத்தாது. ஆகவே காமாலை பிள்ளைக்கு, சான்று அம்மாவுக்கு.

இதில் யாரைக் குறை சொல்வது? சான்று கொடுத்த டாக்டருக்கும் தெரியும், வாங்கின அம்மாவுக்கும் தெரியும், அனுமதி போடுகிற அலுவலருக்கும் தெரியும். நேர்மையாக வேலை பார்க்கிற ஒரு பெண்மணி, ஒரு ரூபாய் கை நீட்டாதவர், பிள்ளை படுத்த படுக்கையாக இருக்கும்போது தனக்கு வராத வியாதியைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என்னிடம் தாளைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்கள். முப்பத்தாறு வருஷத்தில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அந்தக் காட்சிதான். ஒரு விதி இல்லாத இடத்தில் பொய் விதியாகிவிடுகிறது.

அதனால்தான் மத்திய அரசின் அந்த 730 நாளை நான் பெரிதாக நினைக்கிறேன். ரெண்டு வருஷம் என்கிற அளவைவிட, பிள்ளைக்காக என்று உள்ளதை உள்ளபடி எழுதி ஒரு விடுப்பு எடுக்கலாம் என்பது பெரிசு. நம் மாநிலம் பிள்ளை பிறந்ததையொட்டி ஒரே மூச்சில் ஒரு வருஷம் கொடுக்கிறது. அது ரொம்ப நல்லது, பச்சைக் குழந்தைக்கு அம்மா வேண்டும். ஆனால் பிள்ளை ஒரு வயதோடு வளர்ந்து முடிந்துவிடுவதில்லை இல்லீங்களா? எனக்குத் தெரிந்த வரையில் அம்மாக்களுக்கு அதிகம் விடுப்புத் தேவைப்படுகிற காலம் பிள்ளையின் மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை. அப்புறம் மறுபடி பதினான்கு, பதினைந்தில். நடுவே கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு வருஷத்தைக் கொஞ்சம் உடைத்து, பத்து வருஷத்துக்குப் பரப்பி வைத்தால் என்ன என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. இது என் சொந்த அபிப்பிராயம். தொழிற்சங்கத் தோழர்கள் கோபிக்கக் கூடாது. கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதை யாரும் மேடையில் பேசுவதில்லை. ஈட்டிய விடுப்பு வருஷத்துக்கு முப்பது நாள் சேரும், 240 நாள் வரை சேர்த்து வைக்கலாம், ஓய்வு பெறும்போது அதைப் பணமாக வாங்கலாம். எட்டு மாதச் சம்பளம். பலர் அதை வைத்துத்தான் வீட்டுக் கடனை முடிப்பார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணுவார்கள். நான் நூற்றுக்கணக்கான ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆண்களின் கணக்கு அநேகமாக 240-ல் நிற்கும். பெண்களுடையது 90, 110, சில சமயம் 30. எங்கே போயிற்று அந்த நாளெல்லாம்? பணிப்பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். பெரியவனுக்கு ஆபரேஷன், சின்னவளுக்குப் பத்தாம் வகுப்பு, மாமனார் ஆஸ்பத்திரியில். புருஷன் அதே சம்பளத்தில் பக்கத்து அலுவலகத்தில் இருப்பார், வருஷா வருஷம் பதினைந்து நாள் சரண் செய்து பணம் வாங்கியிருப்பார். அந்தச் சரண் விடுப்பைக் கொரோனா வந்த 2020-ல் நிறுத்தி வைத்து, 2025 அக்டோபர் முதல் திரும்பக் கொடுத்தார்கள். அப்போது என் பழைய தோழி ஒருத்தி சொன்னாள்: "நமக்கென்ன சரண் பண்ண இருக்கு? நாமதான் ஏற்கெனவே சரணாகதி ஆயிட்டோமே!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆண்களைப் பற்றி வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசில் 1997 முதல் அப்பாவுக்குப் பதினைந்து நாள் உண்டு. குழந்தைப் பராமரிப்பு விடுப்பைப் பத்து வருஷம் பெண்களுக்கு மட்டுமே வைத்திருந்தார்கள். 2018 டிசம்பரில் மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், தனியாகப் பிள்ளை வளர்க்கிற ஆண்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். கூடவே முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு எண்பது சதவீதம் என்று ஆக்கினார்கள். மனைவி உயிரோடு இருந்து அவரும் வேலைக்குப் போனால் அப்பாவுக்கு இந்த விடுப்பு கிடையாது. பிள்ளை அம்மா பொறுப்பு என்று விதியே எழுதி வைத்த மாதிரிதானே ஆகிறது? 2023-ல் மதுரைக் கிளைக்கு ஒரு காவல் ஆய்வாளர் வழக்கு வந்தது. மனைவிக்குச் சிகிச்சை மூலம் உண்டான கர்ப்பம், கூட இருக்க ஆள் இல்லை, விடுப்புக் கேட்டார். சிக்கலாகி, பணியை விட்டு ஓடினார் என்று உத்தரவு வரைக்கும் போயிற்று. நீதிபதி அதை ரத்து செய்தார், தந்தையருக்கும் விடுப்புச் சட்டம் தேவை என்றும் எழுதினார். பிள்ளைகளே, இங்கே உட்கார்ந்திருக்கிற பையன்களும் கேட்டுக்கொள்ளுங்கள், இது உங்கள் சமாச்சாரமும்தான்.

விடுப்பு கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரு அம்மா ஒரு வருஷம் போனால் அவர் நாற்காலியில் யார் உட்காருவது? அநேக அலுவலகங்களில் யாரும் உட்காருவதில்லை. பக்கத்து இருக்கைக்குக் கூடுதல் பொறுப்பு என்று ஒரு குறிப்பாணை வரும். அந்தப் பக்கத்து இருக்கையிலும் பெரும்பாலும் ஒரு பெண்தான் இருப்பார். அவர் பிள்ளை வளர்ந்திருக்கும், அல்லது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. ரெண்டு பேர் வேலையை ஒரு வருஷம் தனியாக இழுத்து, கோப்பு தாமதமானால் விளக்கமும் கொடுக்க வேண்டும். முறைத்துக்கொள்வார்கள், பேச்சு நின்றுபோகும். "உங்களுக்கென்ன, பிள்ளை பெத்துக்கிட்டு வீட்ல ஒக்காந்திருந்தீங்க" என்கிற வார்த்தையை நான் ஆண் வாயிலிருந்து கேட்டதைவிடப் பெண் வாயிலிருந்து கேட்டதுதான் அதிகம். அவர்களையும் தப்புச் சொல்ல மாட்டேன். விடுப்பு அரசு கொடுக்கிறது, அதன் சுமையைப் பக்கத்து இருக்கை சுமக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் போகிற எந்த விடுப்புக்கும் மாற்று ஆள் போட வேண்டும் என்று வைத்தால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும். வேலை தேடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு வருஷ அனுபவம் கிடைக்கும்.

ஊர் மாற்றமும் அப்படித்தான். பாட்டி வீடு பக்கத்தில் இருந்தால் பாதி விடுப்பு மிச்சம். 2024 ஆகஸ்டில் பெண் காவலர்களுக்கு ஒரு அறிவிப்பு வந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவர்களுக்கு மூன்று வருஷம் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் இருக்கும் மாவட்டத்திலேயே பணி. பத்து ஆணைகளுக்குச் சமம் அது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற ஊரில் அம்மாவை வைப்பது, செலவில்லாத காரியம்.

நீதிமன்றங்கள் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நம் மாநில விதியில் உயிருடன் இரண்டு குழந்தைகள் இருந்தால் மூன்றாவதற்கு மகப்பேறு விடுப்புக் கிடையாது என்று இருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள், அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே பிறந்தவர்கள், விவாகரத்துக்குப் பின் அப்பாவிடம் வளர்கிறார்கள். மறுமணம் செய்துகொண்டு ஒரு குழந்தை. விடுப்பு மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார், இரு நீதிபதிகள் அமர்வு கூடாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுக்கத்தான் வேண்டும் என்று முடித்தது. மகப்பேறு விடுப்பு ஒரு பெண்ணின் மகப்பேற்று உரிமைகளில் அடங்கியது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு முந்தின வருஷம், 2024 ஏப்ரலில், ஹிமாச்சலப் பிரதேசத்து அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவரின் வழக்கு. மகனுக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு, அடுத்தடுத்து சிகிச்சை. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துபோயிற்று. மத்திய அரசின் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை அந்த மாநிலம் ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லி மறுத்தார்கள். பெண்கள் வேலைக்கு வருவது யாரோ கொடுக்கிற சலுகை இல்லை, அரசியலமைப்பு சொல்லுகிற உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, மாநிலத்தை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. மாநிலங்களில் இருக்கிற நாமெல்லாம் கவனிக்க வேண்டிய வழக்கு இது.

அன்றாடக் கூலிக்கு வேலை பார்க்கிற பெண்களை மறந்துவிடக் கூடாது. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிப் பட்டியலில் மண் சுமந்த பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டு என்று 2000 மார்ச் 8-ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தேதி மகளிர் தினம். ஆனால் எங்கள் அலுவலகத்தைப் பெருக்குகிற தொகுப்பூதிய அம்மாவுக்கு ஒரு வருஷ விடுப்பைப் பற்றிக் கேட்டால், "அது உங்களுக்கும்மா" என்றுதான் சொல்லுவார். ஒரே கட்டடம், ஒரே பிரசவ வலி.

இனி பிள்ளைகளுக்கு, வேலையில் சேரும்போது செய்ய வேண்டியவை. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்று அடிப்படை விதி 67 சொல்லும். அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவார்கள். அது மற்ற விடுப்புகளுக்கு. தகுதியுள்ள மகப்பேறு விடுப்பை அதைக் காட்டி மறுக்க மாட்டார்கள், மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மகப்பேறு விடுப்பு உங்கள் ஈட்டிய விடுப்பில் கழியக் கூடாது. தெரியாமல் கழித்துவிடுகிற எழுத்தர்கள் இருக்கிறார்கள், நானே ஒரு பிரிவிலிருந்து வந்த ஏழெட்டுப் பதிவேடுகளைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். தகுதிகாண் பருவத்தில் பிரசவம் ஆனால் முன்பெல்லாம் பருவம் நீண்டுபோகும், கூடச் சேர்ந்தவன் முன்னே போய்விடுவான். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அந்த விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடுவதாக அறிவித்தார்கள். அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு முடிந்து வந்த முதல் வாரமே பணிப்பதிவேட்டை வாங்கிப் பாருங்கள், ஆணை எண்ணும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று. முப்பது வருஷம் கழித்து ஓய்வூதியக் கோப்பு போகும்போது அந்த ஒரு வரி இல்லாமல் ஆறு மாதம் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது ஆணை போட்ட அலுவலர் இருக்க மாட்டார், சில சமயம் அந்த அலுவலகமே இருக்காது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சொந்த விடுப்புக் கணக்கில் சந்தேகம் இருக்கிறவர்கள் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்காருங்கள், பதிவேட்டின் நகல் இருந்தால் எடுத்து வாருங்கள். கண்ணாடி கொண்டு வந்திருக்கிறேன்.